குய்ப்புகையும் சிம்னியும்: தமிழ் அடுக்களையில் புகை வெளியேறும் வழியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் உணவு வரலாறு பற்றிய ஆய்வுகள் உணவையும் பாண்டங்களையும் விரிவாகப் பேசியுள்ளன. சமைக்கும் இடத்தில் எழும் புகை எவ்வழியாக வெளியேறியது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. இலக்கியச் சான்றுகள், வீட்டமைப்பு, இருபதாம் நூற்றாண்டின் புகையில்லா அடுப்புத் திட்டங்கள், இன்றைய மின்சிம்னி ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. நெடுங்காலம் தமிழ் வீட்டின் கூரையே அதன் புகைபோக்கியாக இருந்தது. கூரைப்பொருள் மாறியபோது புகைக்கு மாற்றுவழி அமைக்கப்படாமல் போயிற்று. அவ்விடைவெளியின் விளைவுகள் மின்சிம்னி பொருத்தும் முறை வரை தொடர்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அட்டில், குய்ப்புகை, கூரை, புகையில்லா அடுப்பு, சிம்னி, காற்றோட்டம்

முன்னுரை

ஒரு வீட்டின் வரைபடத்தில் அடுக்களைக்கு இடம் குறிக்கப்படுகிறது, அடுப்புக்கும் குறிக்கப்படுகிறது. புகைக்கு இடம் குறிக்கப்படுவது அரிது. தமிழ் வீட்டமைப்பு பற்றிய நூல்களிலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை எனப் பகுதிகள் வரிசையாக விளக்கப்படுகின்றன. அடுக்களையின் மேற்புறம் எவ்வாறு இருந்தது, காற்று எங்கிருந்து நுழைந்து எங்கே சென்றது என்பன ஓரிரு தொடர்களில் முடிந்துவிடுகின்றன. அடுக்களையில் நாள்தோறும் பல மணி நேரம் இருந்தவர்கள் பெண்கள்; வீட்டைப் பற்றி எழுதியவர்களோ பெரும்பாலும் கூடத்தில் இருந்தவர்கள். இம்மௌனத்துக்கு அது ஒரு காரணமாகலாம்.

இவ்வினா பழைமை ஆர்வத்தைச் சார்ந்தது மட்டுமன்று. திடஎரிபொருள் புகை நுரையீரல் நோய்களுக்கும் இதய நோய்களுக்கும் காரணமாகிறது என்பது இன்று மருத்துவ உலகில் நிலைபெற்ற முடிவு. எரிவாயுவுக்கு மாறிய வீடுகளிலும் எண்ணெய்ப்புகையும் எரிதலின் கழிவுவளிகளும் எஞ்சி நிற்கின்றன. அவற்றை வெளியேற்ற வாங்கப்படும் கருவி பல இடங்களில் தவறான முறையில் பொருத்தப்படுகிறது. அத்தவறுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

இலக்கியத்தில் அட்டிற்புகை

சங்க இலக்கியத்தில் அடுக்களையின் புகை நேரடியாக இடம்பெறும் புகழ்பெற்ற இடம் குறுந்தொகையின் 167-ஆம் பாடல். கூடலூர் கிழார் பாடிய முல்லைத்திணைப் பாடல் இது. மகள் இல்லறம் நடத்தும் அழகைக் கண்டுவந்த செவிலி அதனை நற்றாய்க்கு எடுத்துரைக்கிறாள். தலைவி தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை அவள் மையுண்ட கண்களை நிறைக்கிறது. அதனைப் பொருட்படுத்தாமல் அவள் குழம்பைத் துழாவிச் சமைக்கிறாள். தலைவன் சுவைத்து உண்டு பாராட்ட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது.

இப்பாடலின் காதற்சுவையை உரையாளர்கள் நயம்பட விளக்கியுள்ளனர். இக்கட்டுரைக்கு முதன்மையானது அதில் வரும் புகையின் வகை. பாடல் கூறுவது குய்ப்புகை. குய் என்பது தாளிப்பு. விறகு எரியும்போது எழும் புகைக்கும், காய்ந்த நெய்யிலோ எண்ணெயிலோ தாளிப்புப் பொருள் விழும்போது எழும் ஆவிக்கும் இயல்பில் வேறுபாடு உண்டு. முன்னது எரிபொருளின் விளைவு. பின்னது சமையலின் விளைவு. எரிபொருளை மாற்றினால் முன்னது குறையும், பின்னது குறையாது. இவ்வேறுபாட்டுக்குத் தமிழில் தனிச்சொல் ஒன்று சங்க காலத்திலேயே வழங்கியிருப்பது கருதத்தக்கது. இன்றைய மின்சிம்னி முதன்மையாக எதிர்கொள்வதும் குய்ப்புகையையே.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை மற்றொரு சான்றைத் தருகிறது. ஆயர்பாடியில் மாதரி அளித்த மனையில் கண்ணகி சமைக்கிறாள். ஐயை வைக்கோலால் தீமூட்டுகிறாள். காய் அரிந்த விரல்கள் சிவக்கின்றன; முகம் வியர்க்கிறது; கண்களும் சிவக்கின்றன. அவ்வட்டிலை இளங்கோவடிகள் புறத்தே கரிந்த அட்டிலாகக் காட்டுகிறார். வெளிப்புறம் கரிந்திருக்கிறது என்றால் புகை உள்ளே அடைபட்டுக் கிடக்கவில்லை. சுவரின் தலைப்பிலும் கூரையின் விளிம்பிலும் கசிந்து வெளியேறி, சென்ற வழியைக் கருக்கியது எனக் கொள்ள இடமுண்டு. தனிப் புகைபோக்கி இல்லாத வீட்டின் துல்லியமான அடையாளம் இதுவே.

இவ்விரு சான்றுகளிலும் புகையின் தீங்கு கண்ணில் தெரிகிறது, நெஞ்சில் தெரியவில்லை. கண் எரிச்சல் உடனே புலப்படும். நுரையீரலின் கேடு ஆண்டுகள் பல கடந்தே வெளிப்படும். அப்போது அதனை அடுப்போடு இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றியிராது.

புகைக்கு நேர்மறைப் பொருளும் இருந்தது. புறநானூற்றின் 164-ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் சொல்லும்போது, சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டுகிறார். புகையும் அடுப்பு உணவுள்ள வீட்டின் அறிகுறி. புகையாத அடுப்பு பசியின் அறிகுறி. அடுப்பில் பூனை உறங்குகிறது என்னும் வழக்கு இன்றும் அப்பொருளையே சுமக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் அதிகாரிகள் சிற்றூர்ப் பெண்களிடம் ‘புகையில்லா அடுப்பு’ என்ற பெயரோடு சென்றபோது, அப்பெயர் மரபில் என்ன பொருள் தந்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சாளரம், காலதர் ஆகிய சொற்கள் காற்றுவழியைப் பற்றிய தெளிவான அறிவைக் காட்டுகின்றன. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆயினும் இச்சொற்கள் மாளிகையின் பள்ளியறையையும் மேல்மாடத்தையும் சார்ந்தே பெரிதும் பயில்கின்றன. நெடுநல்வாடையில் வாடைக்காற்றுக்கு அஞ்சிக் கதவங்களை அடைத்து, அகன்ற வாயுடைய தடவில் நெருப்பிட்டுக் குளிர்காய்வோரைக் காண்கிறோம். மூடிய அறையில் கனலும் தணல் எத்துணை ஆபத்தானது என்பது இன்று நாம் அறிந்தது.

கூரையே புகைபோக்கி

பனையோலை, தென்னங்கீற்று, வைக்கோல், நாட்டோடு ஆகியவற்றால் வேயப்பட்ட கூரைகள் காற்றை முற்றிலும் தடுப்பவை அல்ல. ஓலையடுக்குகளின் இடையிலும், கையால் வனைந்த ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று அமரும் இடங்களிலும், சுவர்த் தலைப்புக்கும் எரவாணத்துக்கும் நடுவிலும் எண்ணற்ற சிறு துளைகள் இருந்தன. அடுப்பிலிருந்து எழும் வெப்பக்காற்று இலேசானது. அது மேலே சென்று இத்துளைகளின் வழியே மெல்லக் கசிந்தது. கதவின் அடிப்புறமாகப் புதுக்காற்று நுழைந்தது. விடியற்காலையில் சிற்றூரை வெளியிலிருந்து நோக்கினால் கூரை முழுவதும் புகைவதுபோலத் தோன்றும் காட்சி இதனால் விளைந்ததே.

இவ்வமைப்பில் அறையின் காற்று இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும்: மேலே வெப்பமும் புகையும் மிக்க அடுக்கு, கீழே ஓரளவு தெளிந்த அடுக்கு. தரையோடு ஒட்டிய அடுப்பின் முன் குந்தியோ மணையிட்டு அமர்ந்தோ சமைப்பவரின் தலை கீழடுக்கில் இருக்கும். தாழ்ந்த அடுப்பு வறுமையின் அல்லது பழக்கத்தின் விளைவு என்று மட்டும் விளக்கப்படுவதுண்டு. புகையடுக்கின் உயரமும் அதில் பங்குபெற்றிருக்கலாம். அடுப்பை மேடைக்கு உயர்த்தி, சமைப்பவரை நிற்கவைத்த சீர்திருத்தம் இடுப்புவலியைக் குறைத்தது. விறகெரியும் வீட்டில் அது முகத்தைப் புகையடுக்குக்குள் கொண்டுபோய் வைத்தது. நல்வாய்ப்பாக, மேடை பரவிய காலமும் மண்ணெண்ணெய், எரிவாயு அடுப்புகள் பரவிய காலமும் பெருமளவு ஒன்றியிருந்தன.

புகைக்கு வேலைகளும் இருந்தன. அது கூரையின் ஓலையையும் மூங்கிலையும் பூச்சியிலிருந்து காத்தது. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் விதைக்கதிர்களும் சுரைக்குடுக்கைகளும் வண்டு படாமல் உலர்ந்தன. கொசு குறைந்தது. ஆகவே புகையை முற்றிலும் வெளியேற்றுவது அக்குடும்பத்துக்கு இழப்பில்லாத ஊதியம் அன்று. கூரையை அடிக்கடி மாற்ற வேண்டிவரும், விதையைக் காக்க வேறு வழி தேட வேண்டிவரும்.

வசதி படைத்தோர் வேறு தீர்வு கண்டனர். அவர்கள் அடுக்களையை வீட்டின் பின்புறத்துக்குத் தள்ளினர். செட்டிநாட்டு வளவு வீடுகளில் பின்கட்டின் திறந்த முற்றத்தை ஒட்டிச் சமையல் நடைபெற்றது. விருந்துக்குரிய கோட்டையடுப்பு கொல்லையில் வெட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சமையலிடம் தலைவீட்டிலிருந்து பிரிந்து தனிக்கட்டடமாக நின்றது. அதற்கு வழங்கும் குசினி என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. புதுச்சேரியிலும் அதே வடிவம் பிரெஞ்சின் துணையோடு நிலைபெற்றது. தொலைவே அங்குப் புகைபோக்கியாகப் பயன்பட்டது. அத்தொலைவுக்கு உள்ளே நின்று சமைத்தவர்களுக்கு அது பயன்படவில்லை.

மனைநூல் மரபு அடுக்களையைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில், அமைக்கச் சொல்கிறது. புகை வீட்டுக்குள் வராமல் இருக்கவே இவ்விதி என்று இக்காலத்தில் அறிவியல் விளக்கம் தருவோர் உளர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் உள்நாட்டு ஊர்களுக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தலாம். சோழமண்டலக் கரையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். அங்கே அக்கினி மூலையில் எழும் புகை நேராக வீட்டுக்குள்தான் செல்லும். ஒரே விதி இரு இடங்களிலும் வழங்குவதால் அதன் தோற்றத்தைக் காற்றின் திசையில் தேடுவது பொருந்தாது.

கூரைப்பொருளின் மாற்றம் இவ்வமைப்பைக் குலைத்தது. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத்தொழிற்சாலை, ஒன்றோடொன்று கவ்விப் பொருந்தும் எந்திர ஓடுகளைப் பரப்பிற்று. அவை நாட்டோட்டைவிட இறுக்கமானவை. எனினும் உட்கூரை இல்லாதவரை புகை கசிய இடம் இருந்தது. காங்கிரீட்டுத் தளம் அதையும் அடைத்தது. அதன்கீழ்ப் புகை தளத்தோடு மோதித் திரும்பிக் கீழிறங்கும். வெளியேற ஒரே வழி சன்னல். தளத்துக்குச் சற்றுக் கீழே வைக்கப்பட்ட வென்டிலேட்டர், சிமெண்டு ஜாலி ஆகியவை இக்குறையை உணர்ந்த கொத்தனார்களின் விடைகள். சில நகர வீடுகளில் அடுப்பு மேடைக்கு மேலே செங்கல்லால் கவிழ்ந்த கூண்டொன்றைக் கட்டி, அதன்மேல் தளத்தைத் துளைத்துச் செல்லும் குழல் வைத்தனர். இன்று கடைகளில் விற்கும் மின்சிம்னியின் நேர் முன்னோடி இப்புகைக்கூண்டுதான். பழைய வீடுகளை இடிக்கும்போது எவராலும் பதிவுசெய்யப்படாமல் மறைந்துவருவதும் இதுவே.

புகையில்லா அடுப்பின் காலம்

அடுப்புச் சீர்திருத்தம் தேசிய இயக்கத்தின் சிற்றூர்ப் பணிகளில் ஒன்றாகத் தொடங்கிற்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. ‘மகன் சூலா’ என்னும் புகைபோக்கியுள்ள மண்ணடுப்பு அங்கிருந்து 1940-களில் வந்தது. அடுத்து ஐதராபாத்தின் பொறியியல் ஆய்வகத்தில் எஸ். பி. ராஜு உருவாக்கிய அடுப்பு பரவலாக அறியப்பட்டது. அவர் எழுதிய ஆங்கில நூல் ‘கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லா அடுக்களை’ என்னும் பொருள்தரும் தலைப்புடன் 1953-இல் சென்னைக் கிறித்துவ இலக்கியச் சங்கத்தால் வெளியிடப்பட்டது. தமிழகத்தின் அறிவுவரலாற்றில் இந்நூலுக்கு ஓர் இடம் உண்டு. ஆயினும் தமிழாய்வுகளில் அது மேற்கோளாகக் காணப்படுவது அரிது.

ராஜுவின் அடுப்பு மண்ணாலானது. ஒரு வாயில் விறகிட்டால் தீ அடுத்தடுத்த பானைத் துளைகளின் கீழே சென்று, இறுதியில் குழலை அடையும். குழலில் இழுவையைக் கட்டுப்படுத்த ஒரு தடுப்புத் தகடு உண்டு. தமிழ்நாட்டுக் கொடியடுப்பிலும் தலைவாயின் தீ பக்கத்து வாய்க்குச் செல்லும். ஆகவே இவ்வமைப்பின் பாதி இங்குள்ளோருக்குப் புதிதன்று. புதியது குழல் மட்டுமே.

குழலின் இயக்கம் எளிய இயற்பியல். உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 100 பாகை செல்சியஸ் வெப்பமாக, குழல் 3 மீட்டர் உயரமாக இருந்தால், கிடைக்கும் இழுவை ஏறத்தாழ 8 பாஸ்கல். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஒரு இலட்சம் பாஸ்கலுக்குச் சற்றே மேல் என்பதை நினைத்தால் இது எத்துணைச் சிறிய விசை என்பது விளங்கும். குழலில் கரி படிந்தாலோ, பானை துளைக்குப் பொருந்தாமல் இடைவெளி விட்டாலோ, குழலின் தலை கூரைமுகட்டுக்குக் கீழே நின்று காற்று அதனை அழுத்தினாலோ இழுவை அற்றுப்போகும். ஓலைக்கூரையைத் துளைத்துச் செல்லும் குழலில் தீப்பொறி ஏறினால் வீடே எரியும். வீட்டுக்காரப் பெண் குழலை வேண்டாமென்றது பெரும்பாலும் மூடநம்பிக்கையால் அன்று. கூரையைப் பற்றிய கணக்கால்.

1952-இல் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டத்தின் கிராம சேவிகைகள் இவ்வடுப்பைப் பரப்பினர். 1983-இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்தது. அதன்கீழ் நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பட்டதாகக் கணக்கு. 1985-86-இல் தொடங்கிய இந்திரா வீட்டுவசதித் திட்டத்தின் நெறிமுறைகளும் கட்டப்படும் வீட்டில் புகையில்லா அடுப்பை வலியுறுத்தின. எண்ணிக்கை நிறுவலைக் கணக்கிட்டது, பயன்பாட்டைக் கணக்கிடவில்லை. ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா ஆகியோர் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டை அளந்து காட்டியது. முதலாண்டில் புகை உள்ளிழுப்பு குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தாமையும் பழுது பார்க்காமையும் காரணங்கள். கருவியைக் கொடுத்தவர்கள் குழலை யார், எப்போது, எதனால் துடைப்பார் என்பதைத் திட்டத்தின் பகுதியாக்கவில்லை என்பதே என் கணிப்பு.

மருத்துவச் சான்று இதற்கிடையே மெல்லத் திரண்டது. பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி தில்லியில் நாட்பட்ட நுரையீரல்சார் இதயநோயை ஆராய்ந்து 1950-களின் இறுதியில் எழுதினார். புகைபிடிக்காத பெண்களிடமும் இந்நோய் மிகுந்திருப்பதும், அடுப்புப்புகையோடு அதற்குள்ள தொடர்பும் அவ்வாய்வுகளின் வழியே கவனத்துக்கு வந்தன. குறுந்தொகைத் தலைவியின் கண்ணில் நின்றிருந்த புகை அறிவியல் நோக்கில் நெஞ்சுக்குள் இறங்கிய தருணம் அது. கிர்க் ஸ்மித்தும் அவருடைய இந்தியத் துணையாய்வாளர்களும் குஜராத்துச் சிற்றூர்களில் சமைக்கும் பெண்களின் மூச்சுக்காற்றை அளந்து 1983-இல் வெளியிட்டனர். சமைக்கும் நேரத்தில் மொத்தத் துகள்களின் செறிவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம். நுண்துகளுக்கு உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வகுத்த ஒருநாள் சராசரி வரம்பு 15 மைக்ரோகிராம். அளக்கப்பட்ட துகள்வகையும் கால அளவும் வேறாகையால் இரண்டையும் நேராக வகுத்து ஒப்பிடுதல் முறையன்று. எனினும் இடைவெளியின் தரம் தெளிவு. பின்னர்ச் சென்னைப் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்தின் நான்கு மாவட்டங்களில் 400-க்கும் மேற்பட்ட சிற்றூர் வீடுகளை அளந்து 2002-இல் எழுதினர். அடுக்களை அமைந்த விதமும் சமைப்பவர் அடுப்பருகே இருக்கும் நேரமும் எரிபொருளோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை என்பதை இவ்வகை அளவீடுகள் நிறுவின. வீட்டமைப்பு வரலாற்றாசிரியர்களுக்கு அவை அரிய தரவு.

எரிவாயு 1955-இல் மும்பையில் பர்மா ஷெல் நிறுவனத்தால் அறிமுகமாயிற்று. இந்தியன் ஆயில் 1965-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டமும் அதனைச் சிற்றூர்வரை கொண்டுசென்றன. விறகுப்புகையின் வினாவுக்கு இதுவே பெரிய விடை. குய்ப்புகையின் வினா அப்படியே நின்றது.

விதியும் வழியும்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970-இல் வெளிவந்தது. அதன் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு அடுக்களைக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சன்னல் வேண்டும் என்கிறது. அது திறந்த வெளியை நோக்க வேண்டும், தண்டுவழியாகிய ஷாப்டை நோக்கலாகாது. புகைக்குழலைப் பற்றி, தேவையெனக் கருதினால் வைக்கலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. தேவையா என்று கருத வேண்டியவர் யார் என்பதைத் தொகுப்பு கூறவில்லை. வரைபடம் போடுபவர் பெரும்பாலும் அதனைக் கருதுவதில்லை. குடிபுகுந்த பின் சுவரைத் துளைப்பவர்தான் முதன்முதலாகக் கருதுகிறார்.

சிம்னி: சொல்லும் கருவியும்

கிரேக்கத்தில் உலையைக் குறித்த காமினோஸ் என்னும் சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் புகைக்குழலைக் குறிக்கலாயிற்று. தமிழுக்குள் அது வந்தபோது விளக்கின் சுடரைக் காக்கும் கண்ணாடிக் குழலைச் சுட்டியது. அக்கண்ணாடி பொருத்திய மண்ணெண்ணெய் விளக்கே சிம்னி விளக்கு. ஆலைப் புகைக்குழலுக்கும் இச்சொல் வழங்கியது. அதற்குத் தமிழில் புகைபோக்கி, புகைக்கூண்டு ஆகியவையும், ஈழத்தில் புகைக்கூடும் உண்டு. இன்று சிம்னி என்றால் பெரும்பாலோர் நினைப்பது அடுப்பின்மேல் தொங்கும் மின்கருவியை. அக்கருவி உண்மையில் குழல் அன்று. குழலின் வாயில் வைக்கப்படும் கவிகையும் விசிறியுமே. பெயர் குழலுக்குரியதாக இருப்பதால் கருவியை மாட்டினாலே குழல் வந்துவிட்டதாக ஒரு மயக்கம் ஏற்படுகிறது. நடைமுறைக் குறைகள் பலவற்றுக்கு இச்சொல்மயக்கமும் ஒரு வேர் என்று கருதுகிறேன்.

குழாயே இல்லாத சிம்னி இம்மயக்கத்தின் உச்சம். அது காற்றை உறிஞ்சி, எண்ணெயை வடிகட்டியிலும் மணத்தைக் கரித்தூளிலும் ஓரளவு நிறுத்தி, மீண்டும் அதே அறைக்குள் விடுகிறது. நீராவி, கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு ஆகியவற்றை அது வெளியேற்றுவதில்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வெளியிட்ட தொகுதியில், உயர்வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் ஆவியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதெனப் பெரிதும் கருதத்தக்க 2ஏ பிரிவில் வைத்தது. வீட்டில் விறகு முதலியன எரிவதால் எழும் புகையும் அதே பிரிவில் உள்ளது. குய்ப்புகை கண்ணை மட்டும் உறுத்தும் சிறு தொல்லை என்று ஒதுக்க இனி இயலாது.

குழாய் உள்ள கருவியிலும் கணக்கு முதன்மையானது. மணிக்கு 1000 கன மீட்டர் இழுக்கும் கருவி, 8 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள அடுக்களையின் காற்றை மணிக்கு 40 முறைக்கு மேல் மாற்றவல்லது. அவ்வளவு காற்று 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நொடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர் விரைவில் செல்ல வேண்டும். சுவரில் சிறிய துளைதான் உள்ளதென்று 100 மில்லிமீட்டருக்குக் குறுக்கினால் 35 மீட்டர். எந்த வீட்டுக் கருவியும் அவ்விரைவைத் தருவதில்லை. காற்றின் அளவுதான் சரிந்துவிடும், இரைச்சல் கூடும். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். மடிப்பு மடிப்பான நெகிழ்குழாயில் எண்ணெய் தங்கும். வழவழப்பான தகட்டுக்குழாய் ஏற்றது. உற்பத்தியாளர் குறிப்பிடும் உயரத்தில், பொதுவாக எரிவாயு அடுப்புக்கு மேல் 65 முதல் 75 சென்டிமீட்டரில், கவிகை நிற்க வேண்டும். தாழ்ந்தால் வடிகட்டியில் படிந்த எண்ணெய் தீப்பற்றும். உயர்ந்தால் புகை பக்கவாட்டில் நழுவும்.

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும் என்பது பலர் மறக்கும் செய்தி. ஓலைக்கூரை வீட்டில் அது தானாக வந்தது. குளிரூட்டிக்காகச் சன்னல்களை இறுக மூடிய அடுக்ககத்தில் அக்காற்று எங்கிருந்து வரும்? திறப்பு எங்கே உள்ளதோ அங்கிருந்து வரும். வெளிக்குழல் உள்ள எரிவாயு வெந்நீர்க்கலம் அவ்வீட்டில் இருந்தால் அக்குழல் வழியாகவும் வரலாம். இயற்கை இழுவை சில பாஸ்கல் மட்டுமே என்பதை மேலே கண்டோம். ஆற்றல்மிக்க விசிறி அதனை வென்று, வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் திருப்பிவிடும். அவ்வளிக்கு நிறமும் மணமும் இல்லை. சிம்னி இயங்கும்போது அடுக்களைக்குக் காற்று தரும் ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. எரிவாயுக் கசிவுக்கும் சிம்னி மருந்தன்று. அவ்வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். கசிவின் மணம் தெரிந்தால் சிம்னியின் பொத்தானை அழுத்தவே கூடாது. பொத்தானின் சிறுபொறி போதும்.

அடுக்ககங்களில் குழாயின் மறுமுனை பெரும்பாலும் பொதுத் தண்டுவழிக்குள் நீட்டப்படுகிறது. குளியலறைச் சன்னல்களும் அதே தண்டுவழியை நோக்குகின்றன. கீழ்த்தளத்தின் மீன்பொரியல் மேல்தளத்தின் குளியலறைக்குச் செல்கிறது. மனத்தாங்கல் சங்கக் கூட்டத்துக்குச் செல்கிறது. உணவுப் பழக்கத்தின் பெயரால் வாடகைக்கு வீடு மறுக்கப்படும் நகரங்களில் இது மணம் பற்றிய சிறு பூசலாக முடிவதில்லை. குழாயை வெளிச்சுவரில் திறந்து, அதன் வாயில் காற்று திரும்பாமல் தடுக்கும் மூடித்தகடு வைத்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். கட்டும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக்குழல் விட்டிருந்தால் பூசலே எழாது.

பராமரிப்பில் 1950-களின் மண்ணடுப்பும் இன்றைய கருவியும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. அன்று குழலில் கரி. இன்று வடிகட்டியில் எண்ணெய். நாள்தோறும் தாளிக்கும் வீட்டில் வடிகட்டியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை வெந்நீரில் கழுவ வேண்டும். அவ்வேலையும் பெரும்பாலும், அவ்வடுப்பின் முன் நிற்பவருக்கே விழுகிறது.

மேலாய்வுக்குரிய களங்கள்

சமூக வளர்ச்சித் திட்டக்காலத்து மாவட்ட அறிக்கைகள், நகராட்சிகள் ஒப்புதல் அளித்த பழைய வீட்டு வரைபடங்கள், மகளிர் இதழ்களில் வந்த அடுப்பு விளம்பரங்கள் ஆகியவை இவ்வரலாற்றுக்குத் தொகுக்கப்பட வேண்டிய மூலங்கள். அவற்றினும் முதலில் செய்யவேண்டியது, இடிபடும் வீடுகளின் செங்கற் புகைக்கூண்டுகளை அளந்து வரைந்து வைத்தல். கூண்டின் அகலம், அடுப்பிலிருந்து அதன் உயரம், குழலின் உள்விட்டம், தளத்துக்கு மேல் அது நீண்ட அளவு ஆகிய நான்கையும் குறித்தால், அக்கொத்தனார்கள் எந்தக் கணக்கில் கட்டினர் என்பதை மீட்டெடுக்கலாம். அவ்வடுக்களைகளில் சமைத்த மூத்த பெண்களிடம், எந்தக் காற்றில் கூண்டு இழுக்கும், எந்தக் காற்றில் திரும்பியடிக்கும் என்று கேட்டுப் பதிவுசெய்யவும் இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.